நேரத்துக்கும் தேடலுக்கும் ஒரு சிறு விழுக்காடு

1850களில் அமெரிக்காவின் பிலடெல்பியாவிலிருந்து வெளிவந்த ‘கோடீஸ் லேடீஸ் புக்’ என்ற பெண்கள் மாத இதழின் பின்பக்கங்களில் ஓர் அறிவிப்பு திரும்பத் திரும்ப இடம்பெற்றது. தொலைவில் வாழும் பெண்கள் பலர் நகை, தொப்பி முதலியவற்றை வாங்கி அனுப்பும்படி கேட்டு எழுதுவதால், இதழின் ஆடையலங்காரப் பகுதி ஆசிரியை இனி அந்த வேலையை ஏற்றுச் செய்வார் என்றும், அதற்கு ஆகும் நேரத்துக்கும் தேடலுக்கும் ஒரு சிறு விழுக்காடு பெற்றுக்கொள்வார் என்றும் அது சொன்னது. பருவத்துக்கேற்ற தொப்பி, உடைத்துணி, நகை, கடித உறை, தலைமுடியால் பின்னிய அணிகள், பூவேலைக்கான கம்பளி நூல், குழந்தைகளின் உடுப்பு என்று பட்டியல் நீள்கிறது. கேட்கிறவர் தம் உயரம், நிறம், பொதுவான தோற்றம் எல்லாவற்றையும் எழுத வேண்டும். தேர்வு பெரிதும் அதைப் பொறுத்தது. ரசனையோடு சிக்கனமும் பார்த்தே பொருள் தேர்ந்தெடுக்கப்படும். பணம் வந்து சேர்ந்த பிறகுதான் வேலை தொடங்கும். அனுப்பும் பணம் வழியில் தொலைந்தால் பொறுப்பு இல்லை.

கடிதத்தையும் காசோலையையும் அனுப்ப வேண்டிய முகவரி, இதழின் வெளியீட்டாளர் லூயி அன்டுவான் கோடியின் மேற்பார்வை என்று இருந்தது. (கோடி என்பது அவருடைய குடும்பப் பெயர். நம் காதில் வேறாக ஒலிப்பது தமிழின் குறும்பு.) கடை கடையாக ஏறி இறங்கி, துணியின் நெசவைத் தடவிப் பார்த்து, முகம் அறியாத ஒரு பெண்ணின் நிறத்துக்கு எந்தப் பட்டு பொருந்தும் என்று தீர்மானித்த அந்த ஆசிரியையின் பெயர் அறிவிப்பில் இல்லை. பதவி மட்டும் இருக்கிறது.

இந்த இதழ் சாதாரணமானதன்று. ஐந்து குழந்தைகளோடு விதவையான சாரா ஜோசஃபா ஹேல் 1837 முதல் 1877 வரை இதன் ஆசிரியராக இருந்தார். உள்நாட்டுப் போருக்கு முன் ஏறத்தாழ 1,50,000 படிகள் விற்றன. அந்தக் காலத்து அமெரிக்காவில் இது மிகப் பெரிய எண். அந்த வாசகியருக்கு இதழ் தந்தது கதையும் கவிதையும் தையல் வரைபடமும் மட்டுமல்ல, எதை வாங்கலாம் என்ற அறிவும்தான். அந்த அறிவுக்குக் கூலி உண்டு என்று வெளிப்படையாக அச்சிட்டதால் இந்தச் சின்ன அறிவிப்பை ஒரு வரலாற்று ஆவணமாகக் கருதுகிறேன். ஒரு பெண்ணின் ரசனையும் விசாரிப்பும் உழைப்பு என்று அங்கே பெயர் பெறுகின்றன. அறிவிப்பில் சில கடைகளின் பெயரும் உண்டு. அந்தக் கடைகளுக்கு அது விளம்பரமாகவும் பயன்பட்டிருக்கும். ஆனாலும் விழுக்காட்டைக் கொடுத்தவர் வாங்குகிற பெண். தேடித் தந்தவள் அவளுக்காகத் தேடினாள்.

இன்று இணையத்தில் ‘அஃபிலியேட் வருமானம்’ என்று சொல்கிறோமே, அதன் பாட்டி இந்த அறிவிப்புத்தான் என்பது என் வாதம். தமிழில் அதற்குப் பழைய, துல்லியமான சொல் இருக்கிறது: தரகு. மாட்டுச் சந்தையில் துண்டைப் போட்டு விரல்களால் விலை பேசியவர் பெற்றது தரகு. வீடு பார்த்துக் கொடுத்தால் தரகு, பெண் பார்த்துக் கொடுத்தாலும் தரகு. பூவேலை, பின்னல், மாடித்தோட்டம், பழைய பேனா சேகரிப்பு என்று ஏதோ ஒரு குறுகிய ஈடுபாட்டைப் பற்றி ஒருத்தி இணையதளம் நடத்துகிறாள். ஊசி வாங்க, விதை வாங்க, இங்கே சொடுக்குங்கள் என்று ஒரு கடைக்கு வழி காட்டுகிறாள். அந்த வழியாகப் போனவர் பொருள் வாங்கினால் கடை அவளுக்கு ஒரு விழுக்காடு தருகிறது. இதுவும் தரகுதான். ஆனால் பாட்டிக்கும் பேத்திக்கும் இடையில் பணம் வரும் திசை மாறிவிட்டது.

அதற்கு முன் இன்னொரு விஷயம். கோடியின் இதழை வாசித்த திருமணமான பெண்கள் பலருக்குத் தம் சம்பாத்தியம் சட்டப்படி தம்முடையதாக இருக்கவில்லை. நியூயார்க் மாநிலம் 1848இல் இயற்றிய சட்டம் மனைவி கொண்டுவந்த சொத்தை அவளிடம் விட்டது. அவள் உழைத்து ஈட்டிய கூலி அவளுக்கே என்று சொல்ல 1860 வரை ஆயிற்று. நம் வீடுகளில் ‘சிறுவாடு’ என்ற சொல் உண்டு. அரிசிப் பானைக்குள்ளும் அஞ்சறைப் பெட்டிக்குள்ளும் பெண்கள் ஒளித்துவைத்த காசு. ஒளிக்க வேண்டியிருந்தது என்பதுதான் அந்தச் சொல்லின் சமூக வரலாறு. பெண்ணின் சிறு வருமானத்தைக் குடும்பமும் சட்டமும் எங்கும் இப்படித்தான் பார்த்தன: இருந்தால் நல்லது, ஆனால் அதை வருமானம் என்று எண்ண வேண்டியதில்லை.

இந்த மனப்பான்மையின் மேல் பெரிய நிறுவனங்களே எழுந்தன. 1886இல் டேவிட் மெக்கானல் தொடங்கிய கலிபோர்னியா பெர்ஃப்யூம் கம்பெனி, பின்னாளில் ஏவான், திருமதி பி. எஃப். இ. ஆல்பி என்ற பெண்ணை முதல் முகவராகக் கொண்டு வீடு வீடாக வாசனைப் பொருள் விற்றது. 1950களில் டப்பர்வேர் டப்பாக்களைக் கடைகளில் யாரும் சீந்தாதபோது, வீட்டு விருந்துகளில் பெண்கள் பெண்களுக்கு விற்கும் முறையை விரிவாக்கிக் காட்டியவர் பிரவுனி வைஸ். 1954இல் ‘பிசினஸ் வீக்’ அட்டையில் இடம்பிடித்த முதல் பெண் அவர். 1958 ஜனவரியில் நிறுவனம் அவரை வெளியேற்றியது. ஏறத்தாழ ஓராண்டுச் சம்பளம் கிடைத்தது. பங்கு எதுவும் அவர் பெயரில் இல்லை. அதே ஆண்டில் உரிமையாளர் எர்ல் டப்பர் நிறுவனத்தை 1 கோடியே 60 லட்சம் டாலருக்கு விற்றார். விற்பனை முறையை வளர்த்தெடுத்தவளுக்கு அந்த முறையில் பங்கில்லை என்ற செய்தியை மனதில் வைத்துக்கொண்டு இணையத்துக்கு வருவோம்.

இணையத் தரகின் தோற்றத்தைப் பற்றி ஒரு கதை பலரும் சொல்வது. அமேசானின் ஜெஃப் பெசோஸ் ஒரு விருந்தில் ஒரு பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தார். மணவிலக்கைப் பற்றித் தான் நடத்தும் தளத்தில் அது தொடர்பான புத்தகங்களை விற்க முடியுமா என்று அவள் கேட்டாள். அதிலிருந்து பிறந்ததுதான் அமேசானின் அசோசியேட்ஸ் திட்டம். கதை உண்மையா என்பது இருக்கட்டும். தோற்றம் பற்றிய தொன்மமாக இதைப் படித்துப் பாருங்கள். ஒரு பெண், அவள் தளத்தின் பொருள் மணவிலக்கு, அவளுக்குத் தன் வாசகியருக்கு என்ன புத்தகம் வேண்டும் என்று தெரியும், கேள்வியும் அவளுடையது. கதையில் அவளுக்கு மட்டும் பெயர் இல்லை. கோடியின் இதழில் வந்த ஆசிரியையின் நினைவு எனக்கு வருகிறது.

ஆவணங்கள் சொல்வது சற்று வேறு. இசைத்தட்டு விற்ற சிடிநவ் நிறுவனம் 1994இலேயே பைவெப் என்ற பெயரில் இப்படியொரு ஏற்பாட்டைத் தொடங்கிவிட்டது. அமேசானின் திட்டம் 1996 ஜூலையில் வந்தது. 1997இல் விண்ணப்பித்து 2000 பிப்ரவரியில் அமேசான் பெற்ற காப்புரிமையில் கண்டுபிடிப்பாளர்களாக நால்வர் பெயர் இருக்கிறது. பெசோஸ், ஷெல் காஃபன், எலன் ரட்டஜக், தாமஸ் ஷோன்ஹாஃப். எலன் ரட்டஜக் ஒரு பெண். விருந்துக் கதையை அறிந்தவர்களில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்? கேள்வி கேட்ட பெண் கதையில் இருக்கிறாள், வேலை செய்த பெண் காப்புரிமைத் தாளில் இருக்கிறாள். மக்கள் நினைவில் இடம் பெறுவது முதலாமவள்தான், அதுவும் பெயரில்லாமல்.

திட்டம் இயங்கும் விதம் எளியது. தளம் நடத்துபவருக்குக் கடை ஓர் அடையாளக் குறியீடு கொடுக்கும். அவர் தரும் இணைப்பின் வாலில் அந்தக் குறியீடு ஒட்டியிருக்கும். வாசகி அதைச் சொடுக்கியதும் அவளுடைய உலாவியில் குக்கி என்னும் ஒரு சிறு குறிப்பு பதிகிறது. அமேசானில் பொதுவாக 24 மணிநேரத்துக்கு அது செல்லும். அதற்குள் அவள் எதை வாங்கினாலும் தரகு உண்டு. மறுநாள் மாலை கணவரிடமும் மாமியாரிடமும் கலந்து பேசிவிட்டு வாங்கினால் இல்லை. இடையில் வேறொருவர் தந்த இணைப்பைச் சொடுக்கியிருந்தால் தரகு கடைசியாக வந்தவருக்கு. மூன்று மாதம் உங்கள் தளத்தைப் படித்துப் பின்னல் கற்றுக்கொண்ட ஒருத்தி, ஊசி வாங்கும் நாளில் தள்ளுபடிக் கூப்பன் தளம் ஒன்றைச் சொடுக்கினால் கற்பித்தவருக்கு எதுவும் இல்லை. கணக்குப் புத்தகம் கடைசிச் சொடுக்கை மட்டுமே பார்க்கிறது.

கோடியின் அறிவிப்போடு ஒப்பிடும்போது இங்கே எது காணாமல் போயிருக்கிறது என்று தெரிகிறது. நேரமும் தேடலும். புதிய தரகு விற்பனைக்கு மட்டும் கூலி தருகிறது. கொடுப்பவர் கடைக்காரர். வாங்குகிறவள் கொடுத்த காலத்தில் ‘இது உனக்குப் பொருந்தாது’ என்று சொல்வதும் வேலையின் ஒரு பகுதியாக இருந்திருக்கும். கடைக்காரர் கொடுக்கும்போது அந்த வாக்கியத்துக்கு மதிப்பு பூச்சியம்.

இது கைவினைக்குள் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். பெண்களின் கைவேலை அறிவில் பெரும்பகுதி வாங்காமல் இருப்பதற்கான அறிவு. கிழிந்ததை இழையோட்டித் தைப்பது, அக்காளின் பாவாடையைத் தங்கைக்குப் பிடித்துக் கொடுப்பது, பழைய புடவையை மடித்துத் தொட்டிலாக்குவது, விதையை அடுத்த பட்டத்துக்கு எடுத்து வைப்பது. தையலைப் பற்றித் தளம் நடத்தும் ஒருத்தியிடம் இந்த அறிவு முழுதும் இருக்கலாம். ஆனால் கிழிசல் தைப்பது எப்படி என்ற பக்கத்தில் இணைப்பதற்கு என்ன பொருள் இருக்கிறது? ஓர் ஊசிப் பொதி. எடுத்துக்காட்டுக்கு 100 ரூபாய் என்றும் தரகு 5 விழுக்காடு என்றும் வைத்துக்கொண்டால் கைக்கு வருவது 5 ரூபாய். ‘தொடக்கநிலையினர் வாங்கத்தக்க ஐந்து தையல் இயந்திரங்கள்’ என்ற பக்கத்தில் 20,000 ரூபாய் இயந்திரம் ஒன்று விற்றால் அதே விழுக்காட்டில் 1,000 ரூபாய். இருநூறு பேருக்குக் கிழிசல் தைக்கக் கற்றுத் தருவதும் ஒருவருக்கு இயந்திரம் விற்பதும் கணக்கில் ஒன்று. யாரும் அவளைக் கட்டாயப்படுத்துவதில்லை. மாதக் கடைசியில் வரும் வருமான அறிக்கையே அவளுக்கு மெதுவாகச் சொல்லித் தந்துவிடும். சில ஆண்டுகளில் தளம் முழுதும் ‘சிறந்த ஐந்து’, ‘சிறந்த பத்து’ என்றாகிவிடுகிறது. அவள் கைத் தையலைப் பற்றி எழுதுவதை நிறுத்திய நாள் எது என்று அவளுக்கே தெரியாது. இணையத் தரகின் மீது எனக்குள்ள பெரிய குறை இதுதான். பணம் குறைவு என்பது இரண்டாவது குறை.

வேறு வழி இல்லாமல் இல்லை. 2007இல் ஜெஸ், கேசி ஃபோர்ப்ஸ் தம்பதியர் தொடங்கிய ரேவல்ரி என்ற பின்னல்காரர்களின் தளத்தில், பின்னல் வடிவங்களை உருவாக்குபவர்கள் அவற்றையே விலைக்கு விற்கலாம். தளம் ஒரு சிறு கட்டணம் எடுத்துக்கொள்கிறது. அங்கே விலை பெறுவது பின்னுவதைப் பற்றிய அறிவு. விழுக்காட்டை அறிவுக்காரி கொடுக்கிறாள், வாங்குவதில்லை.

‘பொழுதுபோக்கு’ என்ற சொல்லுக்கு வருகிறேன். தமிழ் கற்பிப்பவள் என்பதால் சொல்லை விட்டுவிட்டு மேலே போக முடியவில்லை. ஆண் மாலையில் வேலை முடிந்து செய்வது பொழுதுபோக்கு. பெண்ணுக்கு வேலை முடிகிற மாலை எது? அவள் பின்னுவதும் பூவேலை செய்வதும் தோட்டம் வைப்பதும் பெரும்பாலும் வீட்டு வேலையின் நீட்சி. அதனாலேயே அது வேலையா விளையாட்டா என்ற தெளிவின்மை அவளுக்கு எதிராகவே தீர்ப்பாகிறது. அமெரிக்க வருமான வரிச் சட்டத்தில் இது நேரடியாகவே இருக்கிறது. அதன் 183ஆம் பிரிவு, இலாப நோக்கில்லாத செயலைப் பிரித்துப் பார்க்கிறது. ஐந்தாண்டில் மூன்றாண்டு இலாபம் காட்டினால் தொழில் என்று அனுமானிக்கலாம். இல்லையென்றால் பொழுதுபோக்கு என்று வரித்துறை வாதிடலாம். பொழுதுபோக்கு என்றால் வரும் காசுக்கு வரி உண்டு, ஆன செலவைக் கழிக்க முடியாது.

ஓவியர் சூசன் கிரைல் இந்தச் சொல்லோடு நீதிமன்றம் போக நேர்ந்தது. நியூயார்க்கின் ஹன்ட்டர் கல்லூரியில் ஓவியம் கற்பித்தவர், படைப்புகள் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இடம்பெற்றவர். ஓவியத்தில் பல ஆண்டுகள் வரவைவிடச் செலவு கூடியிருந்ததால் அது தொழிலன்று என்று வரித்துறை வாதிட்டது. 2014 அக்டோபரில் வரி நீதிமன்றம் அவர் ஓவியத்தைத் தொழிலாகச் செய்கிறார் என்று தீர்ப்பளித்தது. நாற்பதாண்டு வரைந்தவருக்கே இந்த நிலை என்றால், கம்பளி நூலைப் பற்றித் தளம் வைத்திருப்பவள் தன் கணக்கை எப்படி எழுதி வைக்க வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். வரவும் செலவும், செலவிட்ட மணிநேரமும் நாள்தோறும் குறிக்கப்பட்டிருந்தால்தான் அவள் செய்தது தொழில் என்று அவளால் சொல்ல முடியும். சிறுவாட்டுக்குக் கணக்கு எழுதும் வழக்கம் நமக்கு இருந்ததில்லை.

விழுக்காட்டை யார் தீர்மானிக்கிறார்கள் என்பதற்கு இரண்டு நிகழ்ச்சிகள் போதும். 2011 ஜூனில் கலிபோர்னியா மாநிலம், உள்ளூர்த் தரகர்களை வைத்திருக்கும் இணையக் கடைகள் விற்பனை வரி வசூலிக்க வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தது. ஆளுநர் கையெழுத்திட்ட அன்றே அமேசான் அந்த மாநிலத்துத் தரகர்கள் அனைவரையும் நீக்கியது. பத்தாயிரம் பேர் என்றன அப்போதைய செய்திகள். சண்டை அரசுக்கும் நிறுவனத்துக்கும். செப்டம்பரில் இருவரும் சமரசமானார்கள். இரண்டாவது, 2020 ஏப்ரல். கொரோனா ஊரடங்கில் உலகமே வீட்டில் அமர்ந்து இணையத்தில் வாங்கிக்கொண்டிருந்த மாதம். அமேசான் தரகு வீதங்களைக் குறைத்தது. வீட்டுப் பொருள், அறைகலன், தோட்டப் பொருள் ஆகியவற்றுக்கு 8 விழுக்காடு 3 ஆனது, மளிகைக்கு 5 விழுக்காடு 1 ஆனது. அறிவிப்புக்கும் நடைமுறைக்கும் இடையில் ஒரு வாரம். வீடு, தோட்டம், சமையல் என்று பெண்கள் மிகுதியாக எழுதிய துறைகள் இவை என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அங்கே பேரம் பேசச் சங்கமும் இல்லை, எதிர்ப்புச் சொல்ல முகவரியும் இல்லை. பழைய ஆசிரியையின் கடிதங்கள் ஒரு மேற்பார்வை முகவரிக்குப் போனாலும், அந்த முகவரியில் ஒரு மனிதராவது இருந்தார்.

தரகையே தூக்கிக்கொண்டு போனதும் உண்டு. படங்களைத் திரட்டிப் பலகையில் குத்தி வைக்கும் பின்ட்ரஸ்ட் தளத்தின் தொடக்ககாலப் பயனர்களில் பெரும்பான்மையினர் பெண்கள். அவர்கள் ரசித்துத் திரட்டிய இணைப்புகளில், ஸ்கிம்லிங்க்ஸ் என்ற சேவை வழியாகப் பின்ட்ரஸ்ட் தன் தரகுக் குறியீட்டைச் சேர்த்துவந்தது 2012 பிப்ரவரியில் வெளியே தெரிந்தது. நிறுவனம் பிறகு அதைக் கைவிட்டது. 2015இல் பயனர்கள் தாமே தரகு இணைப்பு வைப்பதைத் தடுத்து, 2016இல் மீண்டும் அனுமதித்தது. தேடியதும் தொகுத்ததும் பெண்களின் வேலை. அது பொழுதுபோக்கு என்பதால் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றியிருக்கிறது.

அந்த இடத்தில் ஒரு பெண்ணே நிறுவனம் கட்டியெழுப்பிய கதையும் உண்டு. டெக்சஸ் மாநிலத்து டல்லாஸில் பிறருக்கு உடை தேர்ந்து கொடுத்துக் கடையிலிருந்து கமிஷன் பெற்றுவந்தவர் ஆம்பர் வென்ஸ். வலைப்பதிவு தொடங்கினார். வாடிக்கையாளர்கள் பதிவை இலவசமாகப் படித்துவிட்டுத் தாமே வாங்கிக்கொண்டார்கள், கமிஷன் போயிற்று. இந்த நட்டத்திலிருந்து 2011இல் பின்னாளில் தம் கணவரான பாக்ஸ்டர் பாக்ஸுடன் சேர்ந்து ரிவார்ட்ஸ்டைல் நிறுவனத்தைத் தொடங்கினார். வலைப்பதிவு எழுதும் பெண்களுக்குக் கடைகளிடமிருந்து தரகு வாங்கித் தருவது அதன் தொழில். எல்டிகே என்று பெயர் மாறிய அதில் 2021 நவம்பரில் சாஃப்ட்பேங்க் 30 கோடி டாலர் முதலிட்டது. நிறுவனத்தின் மதிப்பு 200 கோடி டாலர் என்று கணிக்கப்பட்டது. முகம் அறியாதவர்களுக்குத் துணி தேர்ந்து தரும் பெண்ணின் வேலை 160 ஆண்டு கழித்து இந்த விலைக்கு வந்து நிற்கிறது. இதைப் பெண்ணியத்தின் வெற்றி என்று கொண்டாட எனக்குத் தயக்கம் உண்டு. ஆயினும் பெண்களின் ரசனைக்குச் சந்தை மதிப்பு இல்லை என்று யாரும் இனிச் சொல்ல முடியாது. மதிப்பு அதில் எழுதும் பெண்களிடம் சேர்கிறதா, அவர்களை இணைக்கும் வலையிடம் சேர்கிறதா என்பது வேறு கேள்வி.

தரகு வாங்குவதைச் சொல்ல வேண்டுமா? கட்டாயம் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் 2009 டிசம்பர் முதல் வலைப்பதிவர்களுக்கும் இதை விதித்தது. இந்தியாவில் விளம்பரத் தர மன்றம் 2021இலும், நடுவண் அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியிலும் வழிகாட்டுதல்களை வெளியிட்டன. இதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மரியா போபோவா நடத்திய ‘பிரெய்ன் பிக்கிங்ஸ்’ தளம் விளம்பரமில்லாத தளம் என்று சொல்லி வாசகர்களிடம் நன்கொடை கேட்டது. அது புத்தக இணைப்புகளில் அமேசான் தரகும் பெற்றது 2013 பிப்ரவரியில் விவாதமானது. அவர் பிறகு அதைத் தளத்தில் அறிவித்தார். முன்பே அறிவித்திருக்க வேண்டும். அதோடு விஷயம் முடிந்திருக்கலாம். ஆனால் எவ்வளவு சம்பாதிக்கிறாள் என்று கணக்குப் போட்டவர்களின் ஆர்வம் வெளிப்படைத்தன்மையைத் தாண்டிப் போனது. அன்போடு செய்வதாகச் சொன்ன வேலைக்குக் காசும் வாங்குகிறாளே என்ற திகைப்பு அதில் கலந்திருந்தது. சமைத்துப் போடும் பெண்ணிடம் காட்டும் அதே திகைப்பு.

அண்மை அத்தியாயம் தேடுபொறியைப் பற்றியது. ஹவுஸ்ஃப்ரெஷ் என்பது காற்றுச் சுத்திகரிப்பான்களைத் தாமே சோதித்து எழுதும் ஒரு சிறு தளம், வருமானம் தரகிலிருந்து. அதன் நிர்வாக ஆசிரியர் ஜிசேல் நவாரோ 2024 பிப்ரவரியில் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். புகழ்பெற்ற பத்திரிகைகளின் தளங்கள், முறையாகச் சோதித்ததற்கான தடயமே இல்லாமல் பொருள்களைப் பரிந்துரைத்து, பழைய பெயரின் பலத்தில் கூகுள் தேடலில் முதலிடம் பிடிப்பதை எடுத்துக்காட்டுகளோடு காட்டினார். மார்ச்சில், பிறர் எழுதியதைத் தம் பெயரின் செல்வாக்கில் ஏற்றிவிடும் தளங்களுக்கு எதிராகக் கூகுள் ஒரு கொள்கையை அறிவித்தது. மே மாதம் ஹவுஸ்ஃப்ரெஷ் மீண்டும் எழுதியது: தேடலில் தாங்களே ஏறக்குறைய மறைந்துபோய்விட்டதாக.

தமிழில் எழுதும் பெண்ணுக்கு இந்த வரலாறு ஒரு படி பிந்தித்தான் வந்தது. தமிழ்ப் பெண்கள் சமையலையும் கோலத்தையும் தையலையும் பற்றி 2000களின் நடுவிலிருந்தே இணையத்தில் எழுதுகிறார்கள். ஆனால் பணம் பார்த்த சமையல் தளங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருந்தன. ஆங்கில வாசகர் எண்ணிக்கை ஒரு காரணம். இன்னொன்று நேரடியானது: கூகுளின் ஆட்சென்ஸ் விளம்பர வருவாய்த் திட்டம் தமிழ்ப் பக்கங்களை ஏற்கத் தொடங்கியதே 2018 பிப்ரவரியில்தான். இந்திக்கு அது 2014இல் கிடைத்துவிட்டது. ‘கைப்பிடி’, ‘ஒரு கொதி வந்ததும்’, ‘பதம்’ என்ற சொற்களோடு எழுதியவளுக்கு விளம்பரக் காசு இல்லை. அதையே ஆங்கிலத்தில் கோப்பைக் கணக்கில் எழுதியவளுக்கு இருந்தது. விளம்பரம் மூடியிருந்த அந்த ஆண்டுகளில் தமிழில் எழுதியவர்களுக்குத் தரகு ஒரு வழியாக இருந்தது. அதுவும் விற்க ஏதாவது இருந்தால்.

கோலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். புள்ளி வைத்து, இழை பிசகாமல் சுழற்றி, தொடங்கிய இடத்தில் வந்து முடிக்கும் சிக்குக் கோலத்தைப் படிப்படியாக விளக்கும் பக்கம் ஒன்றை எழுத ஒருத்திக்கு ஒரு நாள் பிடிக்கும். வாசகி வாங்க வேண்டியது கோலமாவு. அது தெருவிலேயே கூவி விற்கப்படுகிறது. இணையக் கடையில் கிடைப்பவை கோல உருளை, துளையிட்ட அச்சுத் தட்டு, தரையில் ஒட்டும் நெகிழிக் கோலம். அவற்றுக்குத் தரகு உண்டு. கையால் போடத் தெரியாதவர்களுக்காகச் செய்யப்பட்டவை அவை. கையால் போடக் கற்றுத் தரும் பக்கத்தின் கீழே அவற்றுக்கு இணைப்புக் கொடுக்கலாமா என்று அவள் யோசிக்கிறாள். பக்கத்தை எழுத ஆன ஒரு நாளுக்கு வேறு எந்த வழியிலும் ஒரு காசும் வருவதில்லை.